மஞ்சப் பாதம்

பாப்பா கையை ஜன்னலுக்கு வெளிய நீட்டுச்சுன்னு பிடிச்சு உள்ள இழுத்தீங்க பாருங்க அம்மிணி, அது சரிதானுங்க. தப்பே சொல்ல மாட்டேன். இந்த ரோட்டுல லாரிக்காரன் உரசிட்டுப் போறான். நீங்க அடிக்கலையே. மணிக்கட்டைப் பிடிச்சீங்க, மெதுவா உள்ள இழுத்தீங்க, அவ்வளவுதான். நானும் அப்படித்தானுங்க. என்ற பொண்ணை ஒரு நாளும் ஒரு அடி அடிச்சதில்ல.

பாப்பா என்ன, உங்க பொண்ணுங்களா? நாலு வயசு இருக்குமா? அஞ்சா. சரி சரி. நான் திரும்பித் திரும்பிப் பாக்கறன்னு தப்பா நெனைக்காதீங்க. என்ற பேரு திருமூர்த்தி. கோயமுத்தூர்ல ஒரு மால்ல செக்யூரிட்டியா இருக்கறனுங்க. இந்த நீலச் சட்டை அங்க குடுத்ததுதான். லீவு போட்டும் இதையே மாட்டிட்டு வந்துட்டேன், ஊட்டுல வேற சட்டை துவைக்க ஆளில்ல. பொண்ணைப் பாத்துட்டுத் திரும்பறேன். திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஹாஸ்டல்ல இருக்கா. காது கேக்காத புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம். தர்ஷிகான்னு பேரு. பதினொரு வயசாகுது.

நீங்க உடுமலைல எறங்கறீங்களா? அப்பச் சரி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. கேக்கறீங்களோ கேக்கலையோ, சொல்லிடறனுங்க. இன்னிக்கு ஆருகிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போயிரும். டிக்கெட் எடுக்கறப்பவே கண்டக்டர் கேட்டாரு, ஏன் அண்ணா கண்ணு செவந்திருக்குன்னு. தூசின்னு சொன்னேன்.

ஒரே ஒரு குறைதானுங்க எனக்கு. அந்த ஸ்கிரீனு. அது மட்டும் எங்க மாலுக்கு வராம இருந்திருந்தா என்ற புள்ள இன்னிக்கு என்ற ஊட்டுல இருந்திருப்பா. என்ற ஊட்டுக்காரியும் இருந்திருப்பா.

முதல்ல இருந்து சொல்றேன். தர்ஷிக்கு ரெண்டரை வயசு இருக்கறப்ப எங்க தெருவுல டிரான்ஸ்பார்மர் வெடிச்சுதுங்க. தெருவே அலறியடிச்சு வெளிய ஓடி வந்துச்சு. இவ மட்டும் வாசல்ல ஒக்காந்து சோறு தின்னுட்டே இருந்தா. அன்னிக்குத்தான் எங்களுக்கு உரைச்சுது. ஆஸ்பத்திரிக்கு நடையா நடந்தோம். காதுக்கு மெஷின் மாட்டினோம். மெஷின் மாட்டியும் பெருசா ஒண்ணும் கேக்கல, ஏதோ எரைச்சலாட்ட விழும்போல, புடுங்கிப் புடுங்கிப் போட்டுருவா.

அப்பறம் பேச்சுப் பயிற்சி. ஒரு டீச்சரம்மா, நொம்பக் கெட்டிக்காரி. அவங்க முத நாளே எங்க ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சுச் சொல்லிட்டாங்க. "இவ கையைக் காட்டி எது கேட்டாலும் குடுக்காதீங்க. கைக்கு வழி விட்டா வாய் தெறக்காது. தண்ணி வேணும்னா தண்ணின்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் காத்திருங்க"ன்னாங்க. நான் அதை வேதவாக்கா எடுத்துட்டேன். எட்டாவதோட நிறுத்துனவனுங்க நான். படிச்சவங்க சொன்னா கேக்கணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

அவ கையைத் தூக்குவா. நான் என்ன பண்ணுவன்னா, இந்த மணிக்கட்டை ரெண்டு வெரல்ல பிடிச்சு, மெதுவா, கீழ இறக்கி விடுவேன். அப்பறம் என்ற உதட்டைத் தொட்டுக் காட்டுவேன், வாயில சொல்லுன்னு. தூக்குவா, இறக்குவேன். ஒரு நாளைக்கு நூறு தடவை இருக்கும். சலிச்சதே இல்லீங்க. பூங்கொடி, அதான் என்ற ஊட்டுக்காரி, அவளுக்குத்தான் பொறுமை பத்தாது. நான் இல்லாத நேரம் சமையக்கட்டுல ரெண்டு பேரும் கையாலயே பேசிக்குவாங்க. ஷூ சத்தம் கேட்டா பூங்கொடி கையை மடக்கிக்குவா. அவ மடக்கறதைப் பாத்து இவளும் மடக்கிக்குவா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.

ஆனா பலன் இருந்துச்சுங்க. ஏழு வயசுல "ப்பா"ன்னு சொன்னா. எட்டு வயசுல முழுசா "அப்பா". கொஞ்சம் மூக்குல வரும், கொஞ்சம் கரகரன்னு இருக்கும். இருந்தா என்ன? சொந்தக்காரங்க ஆரு வந்தாலும் கூப்புட்டு நிறுத்திச் சொல்லச் சொல்லுவேன். கல்யாண ஊட்டுல, கோயில்ல, எல்லாப் பக்கமும். சொல்லுவா. சொல்லிட்டுத் தரையைப் பாப்பா. வெக்கம்.

அப்பத்தான் அந்த ஸ்கிரீன் வந்துச்சு. ரெண்டு வருசம் ஆகுது, ஏப்ரல் மாசம், பள்ளிக்கூடம் லீவு உடற சமயம். கீழ்த்தளத்துல எஸ்கலேட்டருக்கு எதுக்க வெச்சாங்க. சுவத்தளவு திரை. சும்மா இருக்கறப்ப கருகருன்னு கெடக்கும், மழை பேயறாட்ட கோடு ஓடும். முன்னாடி தரையில மஞ்சக் கலர்ல பாதம் வரைஞ்சிருப்பாங்க, நாலு ஜோடி. அதுல ஏறி நின்னு ஒரு கையைத் தலைக்கு மேல தூக்கிட்டு ஆடாம நிக்கணும். ஒண்ணு ரெண்டு மூணு எண்ணறதுக்குள்ள அது நம்மளப் பிடிச்சுக்கும். பிடிச்சா நம்ம நெழல் திரைக்குள்ள வந்துரும், ஆள் உசரத்துக்கு மேல. அப்பறம் உள்ளங்கையை விரிச்சா அதுல பூ மொளைக்கும். தட்டுனா குருவி பறக்கும். ரெண்டு கையும் கீழ தொங்கப் போட்டீங்கன்னா, ஆட்டம் முடிஞ்சுதுன்னு நெனச்சு நெழலை எடுத்துரும். மறுபடி மழை.

எனக்கு அங்கதான் டூட்டி போட்டாங்க. புள்ளைங்க திரையைத் தொடாம பாத்துக்கணும். நொம்பச் சுலுவுன்னு நெனச்சனுங்க. முத நாளே நாக்குத் தள்ளிப் போச்சு. எந்தப் புள்ளையும் நேரா ஓடிப் போய்த் திரையைத் தொடத்தான் தொடும். செல்போன்ல தேச்சுப் பழகின கை பாருங்க. தேய்க்கும், தட்டும், ஒண்ணும் ஆகலைன்னா அடிக்கும். பக்கத்துல பெருசா போர்டு வெச்சிருந்தாங்க, எப்படி நிக்கணும்னு. அதைப் பெரியவங்கதான் படிப்பாங்க. படிச்சுட்டு, கூச்சப்பட்டுட்டு, பின்னாடி நின்னு புள்ளையை முன்னாடி தள்ளி உடுவாங்க. புள்ளை போர்டைப் பாக்காது. இன்னொரு புள்ளையைத்தான் பாக்கும். அது எது பண்ணுதோ இதுவும் பண்ணும்.

நாலு நெழலுக்கு மேல அது எடுக்காது. அஞ்சாவது புள்ள வந்து நின்னா, மத்ததெல்லாம் உள்ள தெரியும், அது மட்டும் தெரியாது. கையைக் காலை ஒதறும், குதிக்கும், தெரியாது. அந்த மூஞ்சியைப் பாக்கணுமே நீங்க. எத்தனை புள்ளைங்க அங்க நின்னு அழுதிருக்கும்னு நெனைக்கிறீங்க. நாலு நெழலும் ஒரே உசரமா இருந்தா எது ஆரோடதுன்னு சண்டை வேற. கண்டுபிடிக்கறதுக்கு ஒரு காலைத் தூக்கிப் பாப்பாங்க. இத்தனைக்கும் நடுவுல பாட்டு போட்டு உட்ருவாங்க, காது ஜவ்வு கிழிஞ்சுரும். நான் தொண்டை கிழியக் கத்துனாலும் ஒரு புள்ளைக்கும் கேக்காது. அங்க எல்லாருமே கையிலதான் பேசிக்கணும்.

சனிக்கிழமை பூங்கொடிக்கு பனியன் கம்பெனில வேலை இருக்கும். அதனால தர்ஷியை நான் கூட்டிட்டுப் போவேன். தூணோரம் ஸ்டூல் போட்டு ஒக்கார வெச்சுருவேன். முத வாரம் சும்மா பாத்துட்டே இருந்தா. ரெண்டாவது வாரமும் பாத்தா. மூணாவது வாரம் நான் டீ குடிச்சுட்டுத் திரும்பி வர்றேன், மஞ்சப் பாதத்துல நிக்கறா. சுத்தி இருக்கற புள்ளைங்கெல்லாம் கையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுது, ஒண்ணையும் அது பிடிக்கல. இவ ஒரு கையைத் தூக்கிட்டு செலையாட்டம் நிக்கறா. டக்குனு பிடிச்சுக்கிச்சு.

எனக்கு அப்பப் பெருமையாத்தான் இருந்துச்சுங்க, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்குப் பொழுதோட அந்த எடமே அவ கைக்குப் போயிருச்சு. ஓடி வர்ற புள்ளையைத் தோளைப் பிடிச்சு நிறுத்துவா. பாதத்தைக் காட்டுவா. ஏறி நின்னதும் அது கையைத் தூக்கி உடுவா, ஆடாதேன்னு கண்ணுலயே சொல்லுவா. நாலு ஏறுனா அஞ்சாவதைத் தன்ற முன்னாடி நிறுத்திப் புடிச்சு வெச்சுக்குவா, ஒண்ணு எறங்குனதும் அதை ஏத்தி உடுவா. கண்ணாடியைத் தொடப் போனா வெரலை ஆட்டுவா. நான் ஒரு மாசமா கத்திக் கத்திப் பண்ண முடியாததை இவ சத்தமில்லாமப் பண்ணிட்டா. அடுத்தடுத்த வாரம் புள்ளைங்க வந்ததும் "அந்த அக்கா எங்க"ன்னு என்கிட்டக் கேக்கும். அக்காவுக்குக் காது கேக்காதுன்னு அதுல ஒண்ணுக்கும் தெரியாதுங்க. பாட்டு சத்தத்துல ஆருக்குத்தான் கேட்டுச்சு.

அவ சிரிச்சாளுங்க. சத்தமா. என்ற பொண்ணு அப்படிச் சத்தமாச் சிரிப்பான்னு எனக்கு ஒன்பது வருசமாத் தெரியாது.

அந்த ஸ்கிரீன் கம்பெனில இருந்து ஒரு பொண்ணு வரும், ஜெசிந்தான்னு பேரு. மடியில லேப்டாப் வெச்சுட்டு ஓரத்துல ஒக்காந்து, எந்தப் புள்ள எப்படி நிக்குது, எந்தக் கையைத் தூக்குது, எத்தனை நிமிசம்னு எழுதிட்டே இருக்கும். அதுதான் தர்ஷியவே உத்து உத்துப் பாத்துட்டு இருந்துச்சு. ஒரு நாள் என்கிட்ட வந்து, "அண்ணா, இந்தப் பாப்பா தானா கைபாஷை உண்டாக்கி வெச்சிருக்கா. அதை வர்ற புள்ளைங்களுக்கும் பழக்கி உட்டிருக்கா. இவளுக்குப் பேச வராம இல்லீங்கண்ணா, பேச ஆள்தான் இல்லை"ன்னுச்சு. எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. பேச ஆளில்லையா? அப்ப நான் ஆரு?

இருங்க, இதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். ஜூன் மாசத் தொடக்கம். டூட்டி முடிச்சு ஊட்டுக்கு வந்து சேர்ல ஒக்காந்து ஷூவைக் கழட்டறனுங்க. எதுக்கால தரையில ரெண்டு பாதம். மஞ்சத்தூளைத் தண்ணில கொழைச்சு வரைஞ்சிருக்கா. தர்ஷி வந்து அதுல ஏறி நின்னா. ஒரு கையைத் தலைக்கு மேல தூக்கினா. என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறா. ஆடல, அசையல. மூணு எண்ணற நேரம் இல்லீங்க, முப்பது எண்ணற நேரம் இருக்கும்.

எனக்கு ஒண்ணும் புரியல. தண்ணி வேணுமா, பசிக்குதா, மேலுக்கு எதாவது முடியலையா, என்னன்னு தெரியல. எப்பவும் பண்றதைத்தான் பண்ணுனேன். எந்திரிச்சுப் போய், மணிக்கட்டைப் பிடிச்சு, மெதுவா இறக்கி உட்டு, உதட்டைத் தொட்டுக் காட்டுனேன். வாயில சொல்லு தங்கம்னு. அவ என்ற உதட்டைப் பாத்தா. மறுபடி தூக்கினா. மறுபடி இறக்குனேன். மூணு நாள் பொழுதோட இதே கதை. நாலாவது நாள் வந்து பாத்தா என்ற சேருக்கு எதுக்க இருந்த பாதம் அழிஞ்சு போயி, சமையக்கட்டு வாசல்ல ரெண்டு பாதம் இருக்கு. இவ அதுல ஏறி நின்னு கையைத் தூக்கறா. அடுப்புக்கிட்ட இருந்த பூங்கொடி, கரண்டியைப் பிடிச்ச கையோட, அவளும் கையைத் தூக்கறா. இவ சிரிக்கறா, அவ அழுகறா.

சமையக்கட்டுல மஞ்சக்கறை ஆயிருச்சுன்னு நான்தான் துணி நனைச்சுத் தொடைச்சேன். சிமெண்டுத் தரை, சீக்கிரம் போகல.

அந்த வாரமே பேச்சு டீச்சரம்மா என்னைக் கூப்புட்டு உட்டாங்க. "ரெண்டு மாசமாப் பின்னாடி போயிட்டு இருக்கா. அப்பா கூடச் சொல்ல மாட்டேங்கறா. கையை ஆட உடறீங்களா?"ன்னாங்க. எனக்குத் தலையில கல்லைத் தூக்கிப் போட்டாப்ல ஆயிருச்சுங்க. ஆறு வருச உழைப்பு. ஊட்டுல வந்து அப்பா சொல்லுன்னேன், உதட்டைத் தொட்டுக் காட்டுனேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டா. அன்னிக்கு நைட்டு நான் சாப்புடல.

அடுத்த சனிக்கிழமை. மாலு முழுக்கக் கூட்டம், பள்ளிக்கூடம் தெறக்கப் போறாங்கன்னு பேக் வாங்க வந்த கூட்டம். தர்ஷி மஞ்சப் பாதத்துல நிக்கறா, பக்கத்துல ரெண்டு புள்ளைங்க. மூணு பேர் நெழலும் உள்ள. அவ கையில பூ மொளைச்சு நிக்குது. நான் அதைப் பாத்தேன். பாத்ததும் எனக்குள்ள என்னமோ ஆயிருச்சுங்க. இந்த மெஷினாலதானே என்ற பொண்ணு வாயைத் தெறக்க மாட்டேங்கறான்னு. நேராப் போனேன். அடிக்கலீங்க. சத்தம் போடல. காலியாக் கெடந்த நாலாவது பாதத்துல நின்னு, தூக்குன அந்த மணிக்கட்டைப் பிடிச்சபடி மூணு எண்ணற நேரம் நின்னேன், அப்பறம் மெதுவா இறக்கி உட்டேன்.

திரையில பெருசா ஒரு நெழல் வந்து நின்னு சின்ன நெழலோட கையைப் பிடிச்சுக் கீழ இறக்குச்சு. அத்தனை பேரும் பாத்தாங்க. கை இறங்குனதும் பூ போச்சு. அப்பறம் அவ நெழல் போச்சு. அந்த எடத்துல என்ற நெழல் மட்டும் சித்த நேரம் நின்னுட்டு இருந்துச்சு.

தர்ஷி திரையைப் பாத்துட்டு நின்னா. என்னைப் பாக்கல.

புள்ளைங்க எப்படின்னு உங்களுக்குத் தெரியும். கண்ணுல கண்டதைச் செய்யும். அங்க நின்ன புள்ளைங்க இது ஏதோ புது ஆட்டம்னு நெனச்சுக்கிச்சுங்க. ஒண்ணு கையைத் தூக்கும், இன்னொண்ணு பின்னால வந்து அது மணிக்கட்டைப் பிடிச்சு இறக்கும். நெழல் காணாமப் போனதும் ரெண்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். ஒரு வாரம் அந்த ஆட்டந்தான் ஓடுச்சு. ஒண்ணைப் பாத்து ஒண்ணு, அதைப் பாத்து இன்னொண்ணு. அன்னிக்கு வந்தே இருக்காத புள்ளையெல்லாம் அதை ஆடுச்சு. நான் மேனேஜர்கிட்ட வயித்து வலின்னு சொல்லி டூட்டியைப் பார்க்கிங்குக்கு மாத்திக்கிட்டேன். தர்ஷியை அதுக்கப்பறம் மாலுக்குக் கூட்டிட்டுப் போகல.

அந்த ஜெசிந்தா புள்ள எங்க ஊட்டுக்கே வந்துருச்சுங்க. நான் டூட்டில இருக்கறப்ப. பூங்கொடிகிட்ட இந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்திச் சொல்லியிருக்கு. அங்க பாடமே கையிலதான் நடத்துவாங்க, வாத்தியாரு சில பேருக்கே காது கேக்காதுன்னு. பூங்கொடி ஒரு நாளும் என்ற பேச்சைத் தட்டுனவ இல்ல. அன்னிக்குப் பொழுதோட நான் வந்ததும் நின்னபடிக்கே சொன்னா. "நான் புள்ளையைக் கூட்டிட்டுப் போறனுங்க. நீங்க வேண்டாம்னாலும் போறேன்." அவ்வளவுதான். அங்கயே ஹாஸ்டல் சமையலுக்கு ஆள் வேணும்னிருக்காங்க, சேந்துட்டா. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை நான் போயிப் பாத்துட்டு வர்றேன். ஸ்கிரீனையும் அந்த மாசக் கடைசியில கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப அந்த எடத்துல ஐஸ்கிரீம் கடை.

என்ன அம்மிணி, அப்படிப் பாக்கறீங்க. நான் கெடுதல் நெனச்சா பண்ணுனேன்? படிச்சவங்க சொன்னதைத்தானே பண்ணுனேன்.

அங்க போனா எனக்கு ஒண்ணும் புரியறதில்லீங்க. முந்நூறு புள்ளைங்க இருக்கும். மணி அடிக்காது, லைட்டை அணைச்சு அணைச்சுப் போடுவாங்க. மைதானம் முழுக்கப் பேச்சுதான், அத்தனையும் கையில. கோபம், சிரிப்பு, கிண்டல், எல்லாம். நான் நடுவுல நிக்கறேன். நான்தான் செவிடன் அங்க. ஜெசிந்தா புள்ள போன்ல வீடியோ அனுப்பும், அப்பா அம்மா சோறு தண்ணின்னு கையில எப்படின்னு. பாத்தேன். ரெண்டு நாள் பண்ணிப் பாத்தேன். வயசாயிருச்சு, வெரல் வளைய மாட்டேங்குது. விட்டுட்டேன். தர்ஷி வருவா, நான் வாங்கிட்டுப் போற தேங்காய் பன்னைத் திம்பா, நான் பேசறதை உதட்டைப் பாத்துக் கேட்டுக்குவா, தலையாட்டுவா, போயிருவா. பத்து நிமிசம். அதுக்கு அஞ்சு மணி நேரம் பஸ்ஸு.

இந்த வாட்டி நான் ஒண்ணு நெனச்சுட்டுப் போனனுங்க. எனக்குன்னு தெரிஞ்ச ஒரு கைபாஷை இருக்கே. அவளே காட்டிக் குடுத்தது. அதைப் பண்ணிரலாம்னு. ஊட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பழகக்கூட பழகுனேன். பழக என்ன இருக்கு, கையைத் தூக்கிட்டு நிக்கறதுதானே.

இன்னிக்குப் போயி மைதானத்துல நின்னேன். பூங்கொடி சமையக்கட்டுல இருந்து கையைத் தொடைச்சுட்டே வந்து பக்கத்துல நின்னா. தர்ஷி நாலு புள்ளைங்களோட ஹாஸ்டல்ல இருந்து வெளிய வர்றா. வளந்துட்டா. கை ஓயாமப் பேசிட்டே வர்றா, அந்த நாலும் அவ கையவே பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்குது. நான் ரெண்டு காலையும் சேத்து வெச்சேன். இந்தக் கையைத் தலைக்கு மேல தூக்குனேன். ஆடாம நின்னேன்.

பாத்தா. நின்னுட்டா.

ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுனனுங்க. இருபது வரைக்கும் எண்ணுனேன். அவ கை மேல வரல. தோள் கடுக்குது, வேர்த்து வடியுது. அப்பப் பக்கத்துல இருந்த புள்ள ஒண்ணு அவ தோளைத் தட்டி என்னைக் காட்டிக் கேட்டுச்சு. ஆருன்னு கேட்டிருக்கும். தர்ஷி தன்ற எடது கையைத் தூக்கினா. வலது கையில ரெண்டு வெரலால எடது மணிக்கட்டைப் பிடிச்சா. மெதுவா, இதா இப்படி, கீழ இறக்கினா. அந்தப் புள்ளைக்கு உடனே புரிஞ்சு போச்சு, தலையை ஆட்டுச்சு. மத்த மூணும் ஓஹோ இவருதானான்னு பாக்கற மாதிரி என்னைப் பாத்துச்சு. பாத்துட்டு, அதுல ஒண்ணு அதே மாதிரி செஞ்சுது.

"என்ன பண்றாளுக"ன்னு பூங்கொடிகிட்டக் கேட்டேன்.  அவ சொன்னா. "இங்க எல்லாருக்கும் கையில ஒரு பேரு உண்டுங்க. வாத்தியாருக்கு, எனக்கு, வாட்ச்மேனுக்கு, எல்லாத்துக்கும். புள்ளைங்களே வெச்சுக்கும். அது நீங்கதான்."

"எப்ப வெச்சா?"ன்னேன்.

"வந்த அன்னிக்கே. அப்பா பேரு என்னன்னு வாத்தியாரு கேட்டப்ப." சொல்லிட்டு, "கையை இறக்குங்க, எல்லாரும் பாக்கறாங்க"ன்னா. அப்பத்தான் பாக்கறேன், என்ற கை இன்னும் மேலயே நின்னுட்டு இருக்கு.

மீசை வெச்ச அப்பனுக்கு மீசையைத் தடவற மாதிரி பேராமுங்க. டிரைவர் அப்பனுக்கு ஸ்டியரிங் பிடிக்கற மாதிரி. பூங்கொடிக்கு என்னன்னு கேட்டேன். கரண்டியைப் பிடிச்ச கையை மேல தூக்கற மாதிரியாம்.

நான் அடிச்சதே இல்லீங்க அம்மிணி. அடிச்சிருந்தா அடிக்கற மாதிரி வெச்சிருப்பா இல்லீங்களா? அப்படி வெக்கலையே. மெதுவாத்தானே இறக்கினா. அவ்வளவு மெதுவா. அது அவளுக்கு ஞாபகம் இருக்கு பாருங்க, நான் மெதுவாத்தான் பிடிப்பேன்னு.

பன்னைத் தின்னா. நான் பேசினேன். ரெண்டு வருசமாச் சொல்லலையே, ஒரு தடவை அப்பா சொல்லு சாமின்னு கேட்டேன். உதட்டைத் தொட்டுக் கூடக் காட்டுனேன். அவ என்ற உதட்டைப் பாத்தா. அப்பறம் அந்தப் பேரைத்தான் சொன்னா. கையில. கோபமெல்லாம் இல்லீங்க. அவளுக்கு நான்னா அதுதான்.

இல்லீங்க, தண்ணி வேண்டாம். இருக்கட்டும். அழுகல. வயசானா இப்படித்தான், கண்ணு தானா வடியும்.

உடுமலை வந்துருச்சா? எறங்குங்க, பையை எடுத்துக்கோங்க, அந்தத் தண்ணி பாட்டிலு சீட்டுக்கு அடியில உருண்டிருக்கு பாருங்க. பாப்பா, படியில பாத்து எறங்கு கண்ணு. என்ன பண்றா அவ? நான் செஞ்சு காட்டுனப்ப கண்ணு வாங்காமப் பாத்துட்டே இருந்தா. அதே மாதிரி செய்யறா பாருங்க, எடது கையைத் தூக்கி, ரெண்டு வெரல்ல பிடிச்சு. உடுங்க அம்மிணி. அவ கையைப் பிடிக்காதீங்க. கிண்டல் இல்லீங்க அது. என்ற பேரைத்தான் சொல்றா.

இன்னொருக்கா சொல்லு கண்ணு.